எல்லாப் பந்தையும் அடிக்கவா மட்டை?

நம்பிக்கை: பேஸ்பால் பேட்டர் ஒவ்வொரு பந்தையும் கூட்டத்துக்குள் அனுப்பவே பார்க்க வேண்டும்.

உண்மை: இந்த ஆட்டத்தை ஹாலிவுட் படங்களில் மட்டும் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஓர் அணியின் கையிருப்பு 27 அவுட்டுகள். அவற்றில் ஒன்றைத் தாரை வார்க்காமல் இருப்பதே பேட்டரின் முதல் வேலை. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விட்டால் கிரிக்கெட்டில் விக்கெட் மிஞ்சும், அவ்வளவுதான். இங்கே கூலியும் உண்டு. ஸ்ட்ரைக் எல்லைக்கு (பேட்டருக்கு எட்டும்படி பந்து வர வேண்டிய கற்பனைச் சட்டம்) வெளியே வரும் நான்கு பந்துகளைத் தொடாமல் விட்டால் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். 2004இல் பாரி பாண்ட்ஸ் இப்படி 232 முறை போனார். அதில் 120 முறை எதிரணியே, 'இவரிடம் வம்பு வேண்டாம்' என்று வேண்டுமென்றே அனுப்பிவைத்தது.

அடிப்பதானாலும் எந்தப் பந்தை என்பதுதான் கேள்வி. பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் 1941இல் .406 சராசரி, அதாவது ஆயிரத்துக்கு 406 ஹிட் என்ற வீதம், எடுத்தவர். தன் நூலில் ஸ்ட்ரைக் எல்லையை 77 பந்துகளாக நிரப்பி, ஒவ்வோர் இடத்திலும் தன்னால் எவ்வளவு சராசரி எடுக்க முடியும் என்று எழுதிவைத்தார். நடுவில் வந்தால் .400, வெளிப்பக்கம் தாழ்ந்து வந்தால் .230. ஆளும் மட்டையும் அதேதான். பந்து வந்த இடம்தான் வேறு. மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட்; இரண்டு விழுந்த பிறகுதான் பிடியைச் சற்று மேலேற்றி, பிடிக்காத பந்தோடும் சமரசம் செய்துகொள்ளச் சொன்னார். அடிக்கத் தெரிந்தவர் பலர் உண்டு. விடத் தெரிந்தவர் குறைவு என்பது என் எண்ணம்.

நம்பிக்கை: மட்டையைக் கீழ்நோக்கி வெட்டுவதுபோல் வீச வேண்டும்.

உண்மை: பந்தெறியும் பிட்சர் 10 அங்குல மேட்டில் நின்று எறிவதால் பந்து சரிந்தபடி வருகிறது. வீச்சு சற்றே மேல்நோக்கி இருந்தால்தான் அதன் பாதையில் மட்டை கூடுதல் நேரம் இருக்கும். இதையும் வில்லியம்ஸ் சொல்லியிருக்கிறார். 2015இல் ஸ்டாட்காஸ்ட் கருவிகள் பந்து எழும் கோணத்தை அளக்கத் தொடங்கிய பிறகே ஊரெல்லாம் இது பேச்சானது. அளவு மிஞ்சினால் பந்து வானத்துக்குப் போய் கேட்ச்சாகத் திரும்பும்.

நம்பிக்கை: பந்து மட்டையில் படும்வரை கண்ணை எடுக்கக் கூடாது.

உண்மை: எடுக்காமல் இருக்கவே முடியாது. மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து சுமார் 0.4 வினாடியில் வந்துவிடும். கடைசிச் சில அடிகளில் எந்தக் கண்ணாலும் அதைத் தொடர முடிவதில்லை. மட்டை வீசவே ஏறக்குறைய 0.15 வினாடி போய்விடுகிறது. மிச்சமிருக்கும் கால் வினாடிக்குள்தான் அடிப்பதா, விடுவதா என்று தீர்மானித்தாக வேண்டும்.