ஃபிளாஷ் வாங்கிய தம்பிக்கு



உன் அக்கா வளைகாப்புப் படங்களைப் பொறுமையாகப் பார்த்தேன். மனையில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் முகம் வெளிறிக் கிடக்கிறது. பின்னால் நிற்கும் அத்தையும் சித்தியும் இருட்டில் போய்விட்டார்கள். சில படங்களில் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுந்திருக்கிறது. கடைசியில் எடுத்தவை ஃபிளாஷே அடிக்காத மாதிரி மங்கல். "கேமராவை மாத்திடவா அண்ணே?" என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். இந்த மூன்றில் ஒன்றுகூட கேமராவின் குறை இல்லை. அதன் மேல் மாட்டியிருக்கும் ஃபிளாஷோடு நீ இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். உன் மாதிரி சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு கேமராவும் ஒரு ஃபிளாஷும் வாங்கி, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் படமெடுக்கத் தொடங்குகிறவர்கள் நிறைய பேர். அதனால் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

முதலில் அந்த வெளுப்பு. ஃபிளாஷின் வெளிச்சம் தூரம் போகப் போக வேகமாகக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்கு. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. அக்கா உன்னிடமிருந்து ஒரு மீட்டரில் இருந்தாள், சித்தி மூன்று மீட்டரில். அக்காவுக்கு விழுந்ததில் ஒன்பதில் ஒரு பங்குதான் சித்திக்குப் போய்ச் சேர்ந்தது. எவ்வளவு விலை கொடுத்து கேமரா வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஃபிளாஷின் தலையை மேலே திருப்பி, வெள்ளைக் கூரையில் அடித்துத் திரும்பி வரவிடு. அப்போது கூரையே விளக்காகிவிடுகிறது. கூரையிலிருந்து அக்காவுக்கும் சித்திக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றாக விழும். இப்படித் திருப்புவதில் கணிசமான வெளிச்சம் வீணாகும் என்பதால் ஐஎஸ்ஓவை 800, 1600 என்று ஏற்றத் தயங்காதே. கொஞ்சம் புள்ளி தெரிந்தால் யாரும் கவலைப்படப் போவதில்லை. முகம் நன்றாக இருக்கிறதா என்றுதான் வீட்டில் பார்ப்பார்கள்.

கல்யாண மண்டபத்தில் இது அப்படியே செல்லாது. கூரை எட்டாத உயரத்தில் இருக்கும், அல்லது ரோஜா நிறத் துணி கட்டியிருப்பார்கள். ரோஜாத் துணியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ரோஜா நிறத்தில்தான் வரும். முகூர்த்தப் புடவையின் அரக்கு நிறத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் எவ்வளவு திருத்தினாலும் மீட்க முடியாது. செட்டிநாட்டு வீடுகளின் தேக்குக் கூரை பாதி வெளிச்சத்தை விழுங்கி, மீதியைப் பழுப்பாக்கித் தரும். அங்கெல்லாம் பக்கவாட்டில் வெள்ளைச் சுவர் இருக்கிறதா என்று பார். மண்டபத்துக்குள் நுழைந்ததும் மணமக்களைத் தேடாமல் முதலில் சுவர்களைப் பார்க்கிற பழக்கம் வரவேண்டும்.

கறுப்புப் பட்டைக்கு வருகிறேன். உன் கேமராவின் ஷட்டரில் இரண்டு திரைகள் இருக்கின்றன. ஒன்று திறந்துகொண்டே போக, இன்னொன்று பின்னாலேயே மூடிக்கொண்டு வரும். ஒரு குறிப்பிட்ட வேகம் வரைக்கும்தான் சென்சார் முழுவதும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும். இன்றைய கேமராக்கள் பலவற்றில் அது 1/200 அல்லது 1/250 நொடி. பழைய பிலிம் கேமராக்களில் 1/60 கூட உண்டு. அதைத் தாண்டினால் ஃபிளாஷ் அடிக்கும் கணத்தில் திரையின் ஒரு பகுதி சென்சாரை மறைத்துக்கொண்டிருக்கும். பட்டை அதன் நிழல். கேமராவோடு பேசிக்கொள்ளும் ஃபிளாஷாக இருந்தால் கேமராவே உன்னைத் தடுத்திருக்கும். நீ வாங்கியது மேனுவல் ஃபிளாஷ். அதற்கு உன் ஷட்டர் வேகம் தெரியாது. ஷட்டரை 1/160-இல் வைத்துவிட்டு மறந்துவிடு.

மறந்துவிடு என்று தைரியமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஃபிளாஷ் வெளிச்சம் அவ்வளவு குறுகிய நேரம்தான் வாழ்கிறது. ஷட்டரைக் கூட்டிக் குறைத்தாலும் அதன் அளவு மாறாது. ஷட்டர் அறையின் வெளிச்சத்தை ஆள்கிறது, அபர்ச்சர் ஃபிளாஷை ஆள்கிறது. இந்த ஒரு வரி மண்டையில் ஏறிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அமெரிக்காவின் எம்ஐடியில் ஹரால்டு எட்ஜர்ட்டன் எடுத்த பால்துளிப் படத்தை நீ பார்த்திருப்பாய்: விழுந்த துளி கிரீடமாகத் தெறித்து நிற்கும், 1957-இல் எடுத்த வண்ணப்படம். அந்தத் துளியை நிறுத்தியது ஷட்டர் இல்லை, ஃபிளாஷின் நேரக் குறுக்கம்.

இதை நீ வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, சீலிங் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டுப் படுத்துக்கொண்டு மேலே பார்த்து எடு. முதலில் ஃபிளாஷை முழுச் சக்தியில் வை: இறக்கையின் நுனி இழுபட்டுக் கலங்கியிருக்கும். பிறகு 1/32-க்குக் குறைத்து, ஐஎஸ்ஓவை ஏற்றி எடு: ஃபேன் நின்றுவிட்டதோ என்று சந்தேகம் வரும், இறக்கை ஓரத்தில் படிந்த தூசி வரைக்கும் தெரியும். சக்தியைக் குறைத்தால் வெளிச்சம் குறைகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது எரியும் நேரமும் குறைகிறது. ஓடுகிற குழந்தையையும் மேலே எறிந்த அட்சதையையும் நிறுத்த வேண்டுமென்றால், சின்னச் சக்தியில் கிட்டே போய் அடிக்க வேண்டும் என்பது அந்த ஃபேனிலேயே புரிந்துவிடும்.

மூன்றாவது, மங்கல். ஒவ்வொரு முறை அடித்த பிறகும் ஃபிளாஷ் தன் கெப்பாசிட்டரை மறுபடி நிரப்பிக்கொள்ள வேண்டும். முழுச் சக்தியில் அடித்தால் அதற்குச் சில நொடிகள் பிடிக்கும், பேட்டரி தளரத் தளர இன்னும் கூடும். பல ஃபிளாஷ்களில் ரெடி விளக்கு முழுக்க நிரம்புமுன்பே எரிந்துவிடும். நீ வளையல் அடுக்கத் தொடங்கியதிலிருந்து விடாமல் அடித்திருக்கிறாய். கடைசிச் சுமங்கலி வளையல் போடும்போது அதனிடம் கொடுக்க ஒன்றுமில்லை. அப்படி விடாமல் அடித்தால் ஃபிளாஷ் சூடேறி முன்கண்ணாடி உருகிப் பழுப்பதும் உண்டு.

1946-இல் காந்தியை ராட்டையோடு படமெடுக்கப் போன மார்கரெட் போர்க்-வைட்டின் கதையை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். சாதாரணப் பெண்மணி இல்லை; லைஃப் பத்திரிகையின் 1936 முதல் இதழுக்கு அட்டைப்படம் எடுத்தவர். முதலில் ராட்டை சுற்றக் கற்றுக்கொண்டு வா என்றார்கள், கற்றுக்கொண்டார். அன்று காந்திக்கு மௌன நாள். கண்கூசும் வெளிச்சம் அவருக்கு ஆகாது. மன்றாடியதில் மூன்றே மூன்று ஃபிளாஷ் பல்புக்கு அனுமதி கிடைத்தது. ஒரு பல்பு ஒரு முறைதான் எரியும் என்ற காலம். நம் ஊர்ப் புழுக்கம் அவருடைய கருவிகளைப் படாதபாடு படுத்தியிருந்தது. முதல் இரண்டு பல்புகளும் வீணாயின, மூன்றாவதில்தான் படம் கிடைத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அவ்வளவு கைதேர்ந்தவருக்கும் கருவி காலை வாரியது. ஆனால் அவரிடம் மூன்றாவது பல்பு மிச்சமிருந்தது. அதைப் பதறி வீணாக்காமல் இருக்கும் நிதானமும் இருந்தது. உனக்கு நான் வேண்டுவது அந்த நிதானத்தைத்தான். எந்தக் கணம் முக்கியமென்று முன்கூட்டியே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள். அதற்கு முன் இரண்டு நிமிடம் ஃபிளாஷுக்கு ஓய்வு கொடு. பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம்: சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களில் இரண்டு செட் வாங்கி, எந்த நான்கு எந்த செட் என்று மார்க்கரால் எழுதி வை. புதியதையும் பழையதையும் கலக்காதே. பெட்டிக்கடையில் கிடைக்கும் டார்ச் செல் அவசரத்துக்குக்கூட உதவாது.

மாமா வீட்டுப் பரணில் கிடைத்த பழைய ஃபிளாஷை இந்தக் கேமராவில் மாட்டலாமா என்று கேட்டாய். நேராக மாட்டாதே. பழைய ஃபிளாஷ்கள் சிலவற்றில் ஹாட் ஷூ முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். டிஜிட்டல் கேமராவின் மின்சுற்று அதைத் தாங்காமல் போகலாம். ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து மல்டிமீட்டரில் அளந்து பார்க்கச் சொல். எந்த ஃபிளாஷையும் நீயாகத் திறந்து பார்க்காதே. பேட்டரியைக் கழற்றிய பிறகும் உள்ளே சுமார் 300 வோல்ட் தேங்கி நிற்கக்கூடும். அது உயிர் விஷயம்.

கருவிகளுக்கு வரும் விபத்துகளைப் பற்றிப் பேசினால், கீழே விழுந்து உடைவதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நம் ஊரில், குறிப்பாகக் கடலோரத்தில், லென்ஸைச் சத்தமில்லாமல் தின்பது பூஞ்சைதான். லென்ஸைக் கழற்றி, பின்பக்கமாக டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்த்துப் பார். உள் கண்ணாடியில் மெல்லிய வெள்ளை நூல்கள் கிளை பிரிந்து ஓடினால் அது பூஞ்சை. முற்றவிட்டால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. தோல் உறையிலும் துணிப் பையிலும் பூட்டி வைப்பது ஈரத்தோடு சேர்த்துப் பூட்டுவதுதான். இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி ஒன்று. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறியதும் வறுத்து மறுபடி போடு. எல்லாவற்றையும்விட, வாரத்துக்கு ஒருமுறை கேமராவை வெளியே எடுத்துப் படமெடு. பூட்டி வைத்த கேமராவைத்தான் பூஞ்சை தேடிப் போகும்.

இன்னொன்று, முகூர்த்தக் காலையில் பலரைக் கவிழ்ப்பது. லாட்ஜில் ஏசி அறையில் இரவெல்லாம் கேமரா குளிர்ந்து கிடக்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு அதை மண்டபத்துப் புழுக்கத்துக்குள் கொண்டுவந்ததும் லென்ஸ் வியர்த்துவிடும். துடைக்கத் துடைக்க மறுபடி படரும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் சென்சாரிலும் ஈரம் ஏறும். ஜிப் போட்ட பையோடு அரைமணி நேரம் முன்பே ஏசிக்கு வெளியே வைத்துவிட்டால் தீர்ந்தது.

மெமரி கார்டு திடீரென்று ஒன்றுமில்லை என்று காட்டினால் உடனே எடுத்துத் தனியே வை. மேலே மேலே எடுக்காமல் இருந்தால், மீட்புச் சாஃப்ட்வேர் கொண்டு பெரும்பாலும் எடுத்துவிடலாம்.

நம் மனிதர்களின் நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனம் வராது. லென்ஸ் வழியே வெளிச்சத்தை அளந்து தானே சக்தியை முடிவு செய்யும் டிடிஎல் ஃபிளாஷை நாளை நீ வாங்கினால், அது எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு வரிசை நின்றால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகங்கள் கறுத்துப்போகும். அப்போது நீதான் ஒரு ஸ்டாப் ஏற்ற வேண்டும். அதுவரை சரி. ஆனால் மாநிற முகத்தை வேண்டுமென்றே வெளிறடித்து, "கலரா இருக்கு பாருங்க" என்று காட்டுகிற வழக்கம் இருக்கிறதே, அதைத் தொடாதே. உன் பாட்டியின் முகத்தில் எண்ணெய் மினுமினுப்பும் சுருக்கமும் அவர் நிறமும்தான் பாட்டி. நேரடி ஃபிளாஷ் அந்த மினுமினுப்பை வெள்ளைத் திட்டாக்கிவிடும். பக்கத்துச் சுவரிலிருந்து வரும் அகலமான வெளிச்சம் அதைத் தோலாகவே காட்டும். பேரப்பிள்ளைகளுக்கு நாளை இந்தப் படம் மட்டும்தான் மிஞ்சப்போகிறது. அதில் வேறு யாரையோ வைத்துக் கொடுக்கக் கூடாது.

வெளிச்சத்தை யார்மேல் அடிக்கிறோம் என்பதும் உண்டு. நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளை 1880களின் கடைசியில் மெக்னீசியம் பொடி வைத்துப் படமெடுத்த ஜேக்கப் ரீஸ், இருமுறை வீட்டுக்கும் ஒருமுறை தனக்கும் தீப்பற்றியதை எழுதியிருக்கிறார். நள்ளிரவில் வெடித்த வெளிச்சத்தில் விழித்துப் பார்த்தவர்களின் திகைப்பு அந்தப் படங்களிலேயே இருக்கிறது. அவர் நோக்கம் நல்லதுதான், அந்தப் படங்களால் நன்மையும் விளைந்தது. ஆனால் நீ எடுக்கப்போவது உன்னை நம்பிக் கதவு திறந்தவர்களை. பச்சைக் குழந்தையின் முகத்துக்கு நேராக, சுழன்று ஆடிக்கொண்டிருக்கும் நாட்டியப் பெண்ணின் கண்ணுக்கு நேராக, கோயில் யானைக்கு அருகில் ஃபிளாஷ் வேண்டாம். மார்கழிக் கச்சேரியில் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிடு.

கடைசியாக, அக்காவின் தோழி தன் கல்யாணத்தை உன்னையே எடுக்கச் சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். தனியாக ஒப்புக்கொள்ளாதே. உன்னிடம் ஒரே கேமரா, ஒரே ஃபிளாஷ். தாலி கட்டும் நேரத்தில் அதில் ஒன்று மடங்கினால், அந்தப் பெண்ணுக்கு நீ என்ன சொல்வாய்? தொழில்முறைக்காரர் ஒருவரை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நீயும் வருகிறேன் என்று சொல். முதல்நாளே அவரிடம் போய் அறிமுகம் செய்துகொள். மணவறைக்கு முன்பக்கம் அவருடைய இடம். அவர் விளக்கின் குறுக்கே நிற்காதே. அவர் போக நேரமில்லாத இடங்கள் நிறைய உண்டு: விடியுமுன் காய் நறுக்கும் பெண்கள், மாப்பிள்ளையின் பெரியப்பா தனியாக உட்கார்ந்து மொய் எழுதும் மேசை, கொட்டகைக்குப் பின்னால் சீவாளியை நனைத்துக்கொண்டிருக்கும் நாதஸ்வரக்காரர். அங்கெல்லாம் உன்னை அவர்களுக்குத் தெரியும், உன்னை அருகில் விடுவார்கள். ஃபிளாஷை 1/16-இல் வைத்துக்கொண்டு, பக்கத்துச் சுவரைப் பார்த்து அடி. எடுத்ததை எனக்கு அனுப்பு. பட்டை விழுந்தவற்றையும் சேர்த்தே அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்