வித்தின் உயிரும் உழவரின் வாழ்வும்

உழவுத் தொழிலுக்கு வேண்டுவன பல. நிலம், நீர், உரம், ஆள் என நீளும் அவ்வரிசையில் அளவாற் சிறியது விதை. ஆயினும் நீர் குறைந்தால் இறைத்துப் பாய்ச்சலாம். உரம் குறைந்தால் மேலுரம் இடலாம். விதை பொய்த்தாலோ அப்பருவமே பொய்த்துவிடும். பசி மிகுந்த காலத்தும் விதைநெல்லில் கைவைத்தல் ஆகாது என நம் முன்னோர் காத்தமை இவ்வுண்மையை உணர்ந்ததனாலேயாம்.

உயிருள்ள வித்தும் உயிரிழந்த வித்தும் தோற்றத்தில் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கண்ணுக்குப் புலனாகாத அவ்வுயிரை அளந்து காட்டுவதும், கெடாமற் காப்பதும், வலிமையூட்டுவதும் ஆகிய மூன்றுமே விதை அறிவியலின் பணிகள் எனலாம்.

முதலாவது, அளத்தல். 1966ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் விதைச் சட்டத்தை இயற்றியது. அதன்வழி அமைந்த தரங்களின்படி, சான்று பெறும் நெல்விதை 98 விழுக்காடு புறத்தூய்மையும், 80 விழுக்காடு முளைப்புத்திறனும் குறையாது பெற்றிருத்தல் வேண்டும். ஈரப்பதம் 13 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது. வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம் என அட்டைகளின் நிறங்களும் வகுக்கப்பட்டன. எழுத்தறியாதவரும் நிறங்கண்டு தெளிய இஃது உதவுகின்றது.

இரண்டாவது, காத்தல். விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறையுந்தோறும் அதன் வாழ்நாள் ஏறத்தாழ இருமடங்காகும் என்று ஹாரிங்டன் என்னும் அமெரிக்க அறிஞர் விதி வகுத்தார். 5 முதல் 14 விழுக்காடு வரையிலான ஈரப்பதத்திற்கு இவ்விதி பொருந்தும். எனவே 14 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காட்டிற்கு உலர்த்தப்பெற்ற விதை ஏறத்தாழ நான்கு மடங்கு காலம் உயிர்த்திருக்கும். விதையை நன்கு காயவைத்துக் குதிரிலும் கோட்டையிலும் சேமித்த நம் உழவரின் பட்டறிவிற்கு இவ்விதி அளவுகோல் தந்தது.

மூன்றாவது, வலிமையூட்டல். கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரங்களின் கரிசல் மண்ணில் மானாவாரி உழவர் வானத்தை நம்பியே விதைக்கின்றனர். முதல் மழையில் முளைத்த பயிர் அடுத்த மழை தாழ்த்தால் வாடி மடியும். மீண்டும் விதைக்கக் கடன் வாங்க வேண்டிவரும். இவ்விடரைக் குறைக்கவே விதையைக் கடினப்படுத்தும் முறை பரிந்துரைக்கப்படுகின்றது. சோள விதையைப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் என்னும் உப்பின் 2 விழுக்காட்டுக் கரைசலில் குறித்த நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதம் வரும்வரை நிழலில் உலர்த்துவர். முளைத்தலின் தொடக்க மாற்றங்கள் அப்போதே வித்தினுள் நிகழ்ந்துவிடுகின்றன. ஆதலின் மழை பெய்தவுடன் அது விரைந்து முளைக்கின்றது. இளம்பயிர் வறட்சியையும் ஓரளவு தாங்குகின்றது.

இவற்றுள் சில சோதனைகளுக்கு ஆய்வகமும் வேண்டுவதில்லை. நீரில் உப்பைக் கரைத்து, புதிய முட்டையொன்று மிதக்கும் பதம் வந்தபின் நெல்லை அதிலிட்டால் பதர் மிதக்கும். திரண்ட மணி அடியில் தங்கும். அம்மணிகளை நல்ல நீரில் இருமுறை மும்முறை கழுவி விதைக்கலாம். ஈரச் சாக்கில் 100 விதைகளைப் பரப்பிச் சுருட்டி வைத்து, நாள்தோறும் நீர் தெளித்து, முளைத்தவற்றை எண்ணினால் முளைப்புத்திறன் விளங்கிவிடும். அரைநாள் கூலிக்கும் குறைந்த இம்முயற்சி ஒரு போகத்தையே காக்க வல்லது.

விதையைத் தேர்ந்தும் காத்தும் வந்தோர் உழவரே. 2001ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், தம் விளைச்சலினின்று விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பகிரவும், வணிகப் பெயரிடாது விற்கவும் அவர்க்குள்ள உரிமையை ஏற்றுக்கொண்டது. உரிமையோடு தர அறிவும் சேர்ந்தாலன்றி அது முழுப்பயன் தராது.

இங்குத் தமிழ் கற்போர்க்கும் ஒரு கடமை உண்டு. ‘முளைப்புத்திறன்’, ‘விதைநேர்த்தி’ முதலிய சொற்கள் நூலளவில் நின்றுவிடலாகாது. ஆய்வகத்தில் விளைந்த உண்மையை எளிய தமிழில் களத்துமேட்டிற்குக் கொண்டு சேர்த்தல் வேண்டும். உழவர் கையிற் சேராத ஆய்வு, மண்ணிற் சேராத விதையை ஒக்கும்.