பதினோரு பேரில் யாரைக் கடைசியில் போடுவது?

கேள்வி: குண்டலுபேட்டையில் ஒரு சிறிய தனியார் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை நான். ஆசிரியர்கள் பதினோரு பேர். எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சியை வைத்து ஒவ்வொருவருக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்கிறது நிர்வாகம். கடைசி இரண்டு பேருக்குச் சம்பள உயர்வு கிடையாது. அடுத்த வருஷமும் கடைசியில் வந்தால் வேலையும் கிடையாது. அந்தக் கணக்குப்படி எங்கள் கணித ஆசிரியர்தான் கடைசி. அவருடைய பிரிவில் செண்டுமல்லி பறிக்கும் நாட்களில் பாதிப் பிள்ளைகள் வருவதில்லை. பலர் எட்டாம் வகுப்புக்கு வரும்போது வகுத்தல் கணக்கே தெரியாமல் வந்தவர்கள். மாலை ஐந்தரை வரை அவர்களோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார். மைசூரில் கம்பெனி வேலை பார்க்கும் என் தம்பியோ, "எங்களுக்கும் இப்படித்தான், பழகிக்கோ அக்கா" என்கிறான். நான் என்ன செய்யட்டும்?

பதில்: பழகிக்கொள்ள வேண்டாம், அம்மா. பட்டியலில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நிர்வாகத்தாரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

அவர்கள் முன்னால் முதலில் இரண்டு எண்களை வையுங்கள். 2023இல் கர்நாடகத்தின் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 83.89 சதவீதம். 2024இல் தேர்வு அறைகளை வெப்காஸ்டிங் மூலம் கண்காணித்தார்கள். கருணை மதிப்பெண்ணைக் கூட்டிக் கொடுத்தும் தேர்ச்சி 73.40க்கு இறங்கியது. ஒரே வருஷத்தில் மாநிலம் முழுக்க ஆசிரியர்களின் திறமை பத்து சதவீதம் குறைந்துவிடாது. தேர்வு நடந்த விதம் மாறியது, எண்ணும் மாறியது. மாநில அளவிலேயே இப்படி ஆடும் எண், உங்கள் ஊர்ப் பள்ளியில் இன்னும் ஆடும். முப்பது பேர் கொண்ட பிரிவில் மூன்று பிள்ளைகள் தவறினால் பத்து சதவீதம் போய்விடுகிறது. அதை வைத்து ஒரு மனிதரின் பிழைப்பைத் தீர்மானிக்கக் கூடாது.

சம்பளத்தைப் பிள்ளைகளின் படிப்போடு இணைப்பதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். நம் பக்கத்து மாநிலமான ஆந்திரத்தில் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், மாநில அரசோடும் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையோடும் சேர்ந்து 2005 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடத்திய சோதனை அது. 2011இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. 100 பள்ளிகளில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் தனித்தனியாக ஊக்கத்தொகை, 100 பள்ளிகளில் எல்லோருக்கும் பொதுவாக, ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் 100 பள்ளிகள். முதல் ஆண்டில், பிள்ளைகளின் சராசரி மதிப்பெண் 5 புள்ளிக்கு மேல் உயர்ந்தால், அதற்கு மேலான ஒவ்வொரு புள்ளிக்கும் 500 ரூபாய். சராசரியாகப் பார்த்தால் ஆண்டுச் சம்பளத்தில் 3 சதவீதம்தான் வந்தது. இரண்டு வருஷத்தில் அந்தப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் மற்றவர்களை முந்தினார்கள்; ஊக்கத்தொகையே இல்லாத அறிவியலிலும் சமூக அறிவியலிலும்கூட. ஆசிரியர்கள் விடுப்பு எடுப்பது குறையவில்லை. வந்த நாளில் கூடுதல் வகுப்பு, வீட்டுப்பாடம், மாதிரித் தேர்வு என்று அதிகம் உழைத்தார்கள்.

உங்கள் நிர்வாகத்தார் இதை ஆதாரமாகக் காட்டினால், அங்கே செய்யாதவற்றையும் எடுத்துச் சொல்லுங்கள். எந்த ஆசிரியரையும் இன்னொருவரோடு வரிசைப்படுத்தவில்லை. யாரையும் கடைசி என்று வெளியே அனுப்பவில்லை. பிள்ளைகள் தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்தார்கள் என்பதைத்தான் பார்த்தார்கள்.

தொடங்கிய இடம் எது என்று தெரிந்துகொள்ள உங்களிடமே வழி இருக்கிறது. ஜூன் மாதம் சேதுபந்தம் என்ற இணைப்புப் பயிற்சியில் முன்தேர்வு வைத்திருப்பீர்கள். பெரும்பாலான பள்ளிகளில் அந்தத் தாள்கள் ஒரு கட்டாகி அலமாரிக்குப் போய்விடும். எட்டாம் வகுப்புக்கு வந்தபோது கணித ஆசிரியரின் பிள்ளைகள் எழுதிய தாளை எடுங்கள். இன்று அதே மாதிரிக் கணக்குகளைக் கொடுத்துப் பாருங்கள். வகுத்தல் தெரியாமல் வந்த பிள்ளை இன்று பின்னக் கணக்குப் போடுகிறாள் என்றால், தேர்ச்சி விகிதம் சொல்லாததை அந்த இரண்டு தாள்களும் சொல்லிவிடும். அதோடு பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் வையுங்கள்.

பாடம் நடத்தாமல் பொழுதைப் போக்கும் ஆசிரியர்களும் உண்டு. நிர்வாகத்தாரின் கவலையில் நியாயம் இருக்கிறது, அதை நீங்கள் மறைக்க வேண்டாம். ஆனால் அப்படிப்பட்டவரைக் கண்டுபிடிக்க வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார வேண்டும். பருவத்துக்கு மூன்று தடவையாவது, சொல்லிவிட்டு ஒரு தடவை, சொல்லாமல் இரண்டு தடவை. பார்த்ததை அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. என் பணிக்காலத்தில் ஒரு மேலதிகாரி என்னைப் பற்றி எழுதிய ரகசியக் குறிப்பு, பதவி உயர்வு நின்றபோதுதான் எனக்குத் தெரியவந்தது. குறை என்னவென்று அன்றே தெரிந்திருந்தால் திருத்தியிருப்பேன். அதனால் இழந்த மூன்று வருஷங்களை நான் இன்றும் நினைத்து வருந்துகிறேன். எல்லைச் சாலைப் பணியில் பொறியாளராக இருந்த தேவ் தத் என்பவருக்கும் இப்படித்தான் நடந்தது. 1993-94ஆம் ஆண்டுக் குறிப்பில் அவருக்கு 'நன்று' என்று எழுதினார்கள். பதவி உயர்வுக்கு 'மிக நன்று' வேண்டும். கேட்கும்போது பாராட்டுப் போல இருக்கும் அந்தச் சொல்லே அவரைத் தடுத்தது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவருடைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 மே மாதத்தில், நல்லதோ கெட்டதோ, ஒவ்வொரு பதிவையும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது அரசு ஊழியர்களுக்கான தீர்ப்புதான். உங்கள் பள்ளியிலும் அதே முறையை வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

உங்கள் தம்பியிடமும் ஒன்று சொல்லுங்கள். ஊழியர்களை வரிசைப்படுத்திக் கடைசியில் நிற்பவர்களைக் கழிக்கும் முறைக்குப் பேர்போன மைக்ரோசாஃப்ட் நிறுவனமே 2013இல் அதைக் கைவிட்டுவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் தோற்றால்தான் தனக்கு நல்லது என்று நினைப்பவர்கள் சேர்ந்து வேலை செய்ய முடியாது. பள்ளியில் அது இன்னும் மோசம். பலவீனமான பிரிவை எடுத்துக்கொள்ள அடுத்த வருஷம் ஒருவரும் முன்வர மாட்டார்.

நிர்வாகக் கூட்டத்துக்கு முன்பே கணித ஆசிரியரைக் கூப்பிட்டு அந்த இரண்டு தாள்களையும் அவரோடு உட்கார்ந்து பாருங்கள். பூப்பறிப்பு நாட்களில் விட்டுப்போன பாடத்தை எப்படி ஈடுகட்டுவது என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.