பாடம்: உடம்பு வலியைப் புரிந்துகொள்வோம், குறைத்துக்கொள்வோம்



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் பேசி முடித்து நோட்டை மூடும்போதுதான் இன்னொரு பேச்சு ஆரம்பிக்கும். “இடுப்பு விட்டுப்போச்சு.” “கழுத்தைத் திருப்ப முடியல.” “ராத்திரி கை மரத்துப்போய் எழுந்து உட்கார்ந்துடறேன்.” ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே பேச்சுதான். ஆனால் தீர்மான நோட்டில் மட்டும் இது ஏறுவதே இல்லை.

இது வெறும் உடம்பு விஷயம் இல்லை, பிழைப்பு விஷயம். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகிறது. வீட்டில் அப்பர் தைப்பவர்களுக்குத் தைத்த ஜோடிக்குத்தான் காசு. நாற்பது வயதிலேயே மிஷினை விட்டு எழுந்துவிட்டால் கடன் தவணையை யார் கட்டுவது? பிள்ளையின் படிப்புச் செலவை யார் பார்ப்பது? அதனால்தான் இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம். ஊக்குநர்கள் இதைக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்கவும்.

இது நமக்கு மட்டுமா?

இல்லை. 300 வருடத்துக்கு முன்பே, 1700-ல், இத்தாலி நாட்டு டாக்டர் ரமாசினி தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். செருப்புத் தைப்பவர்களும் துணி தைப்பவர்களும் நாள் முழுக்கக் குனிந்தே உட்கார்ந்து முதுகு வளைந்துபோவதை அதில் எழுதியிருக்கிறார். நோயாளியிடம் டாக்டர் கேட்கும் கேள்விகளோடு “நீ என்ன வேலை செய்கிறாய்?” என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். நாமும் டாக்டரிடம் போகும்போது அவர் கேட்கும்வரை காத்திருக்காமல், “எட்டு மணி நேரம் ஸ்டிச்சிங் மிஷின்ல உட்கார்றேன்” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

2020-ல் உலகம் முழுவதும் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் ஆம்பூர் பகுதியில் வீட்டில் ஷூ அப்பர் தைக்கும் பெண்களைப் பற்றி 2016-ல் ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. முதுகு, கழுத்து, தோள் வலி பற்றிய அவர்களின் பேச்சு அதிலும் பதிவாகியிருக்கிறது.

வலி ஏன் வருகிறது?

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். ஒரு சொம்புத் தண்ணீரை கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். இரண்டு நிமிடத்தில் தோள் எரியும். சொம்பு கனமா? இல்லை. அசையாமல் பிடித்திருப்பதுதான் காரணம். தசை சுருங்கிச் சுருங்கி விரியும்போது ரத்தம் நன்றாக ஓடும். இறுகியே இருந்தால் ரத்த ஓட்டம் குறையும், தசை களைத்து வலிக்கும். கழுத்தைக் குனிந்து மிஷின் ஊசியைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது கழுத்துத் தசைக்கு நடப்பதும் இதேதான்.

மற்ற காரணங்கள்:

1. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது. பேஸ்டிங், ஃபோல்டிங், சுத்தியால் தட்டுவது போன்றவை.
2. நாள் முழுக்க நிற்பது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளிவிடும். சும்மா நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும். கால் வீக்கமும், நரம்பு சுருட்டலும் கூடும்.
3. குனிந்து, இடுப்பைத் திருப்பி, பாரம் தூக்குவது.
4. ஓய்வில்லாமை. கம்பெனி பஸ் பிடிக்க விடியற்காலையில் எழுந்து சமையல், வந்த பிறகு தண்ணீர், துணி, பாத்திரம். கம்பெனியில் ஒரு ஷிப்ட் என்றால் வீட்டில் இன்னொரு ஷிப்ட்.
5. ரத்த சோகை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை இருக்கிறது. ரத்தம் குறைந்த உடம்பு சீக்கிரமே அசந்துவிடும்.

உங்கள் வேலை எது? செய்ய வேண்டியது எது?

*ஸ்டிச்சிங் மிஷின்:* ஸ்டூலின் நுனியில் உட்காராதீர்கள். பின்னால் தள்ளி உட்காருங்கள். தொடை தரைக்கு நேராக இருக்கும்படி உயரம் வேண்டும். உயரம் போதாவிட்டால் பழைய புடவையை மடித்துப் போட்டுக்கொள்ளலாம். மிஷினை நோக்கி உடம்பு போகாமல், நாற்காலியை மிஷினுக்குக் கிட்டே இழுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் குறைந்தால் தலை தானாகவே குனியும். பக்கத்து லைட் எரியவில்லை என்றால் லைன் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள்.

*பேஸ்டிங், ஃபோல்டிங், டேபிள் வேலை:* மேசை முழங்கை உயரத்தில் இருந்தால் தோள் தூக்காது. அடிக்கடி எடுக்கும் பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சுத்தியல் பிடி மெல்லியதாக இருந்தால் துணி சுற்றிக்கொள்ளுங்கள், இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது. தலைவலி, தலைசுற்றல் வந்தால் அது சொல்யூஷன் வாசனையாலும் வரலாம். காற்றோட்டம் வேண்டும் என்று கேளுங்கள்.

*நின்றே செய்யும் செக்கிங், பேக்கிங்:* ஒரு காலைச் சின்னக் கட்டை மேல் வைத்து, சிறிது நேரத்துக்கு ஒருமுறை காலை மாற்றுங்கள். இடையிடையே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். செருப்பையும் கவனியுங்கள். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற ஊர்க்காரர்கள் நாம். நம் காலில் மட்டும் அடி தேய்ந்த ரப்பர் செருப்பு! வேலூர் சி.எம்.சி.யிலும் கரிகிரியிலும் தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதங்களுக்காக டாக்டர் பால் பிராண்டும் கூடப் பணியாற்றியவர்களும் மெத்தென்ற ரப்பர் அடி வைத்த செருப்பைக் கொண்டுவந்தார்கள். இன்று சர்க்கரை நோயாளிகள் போடும் எம்.சி.ஆர். செருப்பு அதுதான். சிமெண்ட் தரையில் நாள் முழுக்க நிற்கும் நமக்கும் மெத்தென்ற அடி உள்ள செருப்பு நல்லது.

*வீட்டில் கைத்தையல்:* தரையில் சம்மணம் போட்டுக் குனிந்தே தைப்பதுதான் முதுகுக்கு அதிகக் கெடுதல். சுவரில் முதுகு சாய்த்து, மணை அல்லது தலையணை மேல் உட்காருங்கள். மடியில் இன்னொரு தலையணை வைத்தால் வேலை கண்ணுக்குக் கிட்டே வரும், கழுத்து குனியாது. அரை மணிக்கு ஒருமுறை காலை நீட்டி, எழுந்து நாலு அடி நடங்கள். பகல் வெளிச்சத்திலேயே தைக்கப் பாருங்கள். விரலுக்குத் தோல் உறை போடுங்கள்.

*தோல் ஷாப்பில் வேலை:* ஈரத்தோல் கனமாக இருக்கும், வழுக்கும். முழங்காலை மடக்கி, தோலை உடம்போடு ஒட்டி வைத்துத் தூக்குங்கள். தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பாமல், காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். கனமானதை இரண்டு பேராகத் தூக்குங்கள்.

ஐந்து நிமிடப் பயிற்சி

டீ இடைவேளையில், சாப்பாட்டு நேரத்தில், வீட்டில் சோறு கொதிக்கும் நேரத்தில் செய்யலாம். ஒவ்வொன்றும் பத்து முறை. இழுப்பது போல் தெரியலாம், குத்தி வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

1. நிமிர்ந்து நின்று, மோவாயை உள்ளே இழுத்து ஐந்து எண்ணும் வரை வைத்து விடுங்கள். (கழுத்து)
2. இரண்டு தோளையும் காது வரை தூக்கி, பின்பக்கமாகச் சுழற்றி இறக்குங்கள். (தோள்)
3. கையை நீட்டி, மறுகையால் விரல்களை மெதுவாகப் பின்னால் இழுங்கள். பிறகு கீழே மடக்குங்கள். (மணிக்கட்டு)
4. இடுப்பில் இரண்டு கையையும் வைத்து மெதுவாகப் பின்னால் சாயுங்கள். குனிந்தே இருந்த முதுகுக்கு இது மாற்று. (இடுப்பு)
5. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். (கெண்டைக்கால்)

“டார்கெட் இருக்கும்போது எங்கே மேடம் எழுந்திருக்க விடறாங்க?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எழுந்திருக்க முடியாவிட்டாலும் அரை மணிக்கு ஒருமுறை அரை நிமிடம் தலையை நிமிர்த்தி, தோளைச் சுழற்றி, தூரத்தில் எதையாவது பாருங்கள். ஒரு ஜோடி முடித்து அடுத்த ஜோடி எடுக்கும் இடைவெளியே இதற்குப் போதும்.

வலி வந்துவிட்டால்

திடீர் இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகக் குறையும். நாள் கணக்கில் படுத்தே கிடந்தால் தசை இன்னும் இறுகும். தாங்கும் அளவு நடமாடுங்கள். வெந்நீர் ஒத்தடம் பத்துப் பதினைந்து நிமிடம் கொடுக்கலாம். அடிபட்டு வீங்கியிருந்தால் முதல் இரண்டு நாள் சூடு வேண்டாம், குளிர்ந்த நீர்த் துணி போடுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் ‘செட் மாத்திரை’ விஷயத்தில் கவனமாக இருங்கள். எந்த மாத்திரை எதற்கு என்றே தெரியாது. சிலவற்றில் ஸ்டீராய்டும் இருக்கும். வலி மாத்திரையைத் தினமும் போட்டால் வயிற்றில் புண் வரும், கிட்னி கெடும். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். மாத்திரை போட்டு வலியை மறைத்துவிட்டு அதே மாதிரி குனிந்து உட்கார்ந்தால், வலி மறுபடி வரத்தான் செய்யும்.

ராத்திரியில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதாக இருக்கலாம். ஆரம்பத்திலேயே காட்டினால் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டி கட்டியே பலருக்குக் குறையும். விட்டுவிட்டால் கையில் பிடிப்பே போய்விடும்.

பிசியோதெரபியை “சும்மா கை காலை ஆட்டச் சொல்றாங்க” என்று விட்டுவிடாதீர்கள். நம் வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் நடந்த விபத்தில் இரண்டு காலும் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தே வைத்தியம் பார்த்தவர். அவர் வளர்த்தெடுத்த மறுவாழ்வு மையம் 1966-ல் வேலூரில் தொடங்கியது. பயிற்சியால் உடம்பை மீட்க முடியும் என்பதை நம் மாவட்டமே பார்த்திருக்கிறது.

இந்த அறிகுறி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்

- காலில் பலம் குறைவது, இரண்டு தொடைக்கு நடுவில் மரத்துப்போவது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமல் போவது – அன்றே ஆஸ்பத்திரி.
- நெஞ்சில் அழுத்தத்தோடு இடது கை, தாடை வலி, வியர்வை – இது வேலை வலி இல்லை, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.
- காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் குறையாத வலி.
- காலையில் எழுந்தால் விரல் மூட்டுகள் வீங்கி, அரை மணிக்கு மேல் மடக்க முடியாமல் இருப்பது.

சாப்பாடும் தண்ணீரும்

பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் நம்மில் அதிகம். அதனால் நீர்க்கடுப்பும் கால் தசைப்பிடிப்பும்தான் வரும். பாட்டிலை எடுத்துப் போய் அவ்வப்போது குடியுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கேழ்வரகு, முருங்கைக்கீரை, பயறு, முட்டை இதில் ஏதாவது ஒன்று தினமும் நம் தட்டிலும் இருக்கட்டும். எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தை வழித்துச் சாப்பிடும் பழக்கத்தை விட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நமக்கு உள்ள உரிமைகள்

*இ.எஸ்.ஐ.:* நம் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், நிர்வாகம் 3.25 சதவீதம் கட்டுகிறது. 10,000 ரூபாய் சம்பளத்தில் நம் பங்கு 75 ரூபாய். வைத்தியம் நமக்கும் நம்மை நம்பியிருக்கும் குடும்பத்தாருக்கும் உண்டு. இ.எஸ்.ஐ. டாக்டர் ஓய்வு தேவை என்று சான்று கொடுத்தால், வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்கு, உரிய ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். கார்டை பீரோவில் பூட்டி வைத்துவிட்டுத் தனியார் டாக்டருக்குக் கடன் வாங்காதீர்கள்.

*உட்காரும் வசதி:* நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார ஏற்பாடு வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டம் 44-வது பிரிவில் சொன்னது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது உண்டு. கடைகளில் வேலை செய்யும் சகோதரிகளுக்காகத் தமிழ்நாடு 2021-ல் தனியாகவே சட்டத் திருத்தம் கொண்டுவந்தது.

*வீட்டில் தைப்பவர்கள்:* உங்களுக்கு இ.எஸ்.ஐ. இல்லை என்றாலும், காலணி, தோல் பொருட்கள், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரித்துப் பதிவு செய்யுங்கள்.

*வீடு தேடி வைத்தியம்:* 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டது. அதில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களாக நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்களைத்தான் தேர்வு செய்தார்கள். பிசியோதெரபி யாரிடம், எந்த நாளில் கிடைக்கும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

ஒருத்தி தனியாகப் போய் “ஸ்டூல் மாத்திக் கொடுங்க” என்றால் பேச்சு எடுபடாது. ஒரே லைனில் வேலை செய்யும் பத்துப் பேர் சேர்ந்து, மரியாதையாக எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் தைப்பவர்கள் சாய்வு நாற்காலி, நல்ல விளக்கு வாங்கக் குழுவில் சிறு உள்கடன் கொடுக்கலாம். கூட்டம் தொடங்கும் முன் ஐந்து பயிற்சியையும் எல்லோரும் சேர்ந்து செய்யலாம். வீட்டில் தண்ணீர் தூக்குவதையும் துணி துவைப்பதையும் கணவரும் மகனும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதையும் வெட்கப்படாமல் பேசுங்கள்.

கலந்துரையாடல் கேள்விகள்

1. நம் குழுவில் எத்தனை பேருக்கு எந்த இடத்தில் வலி? என்ன வேலையால்?
2. போன மாதம் வலி மாத்திரைக்கும் ஊசிக்கும் நாம் எவ்வளவு செலவு செய்தோம்?
3. இ.எஸ்.ஐ. கார்டு அல்லது நல வாரியப் பதிவு இல்லாதவர்கள் யார் யார்? அவர்களோடு யார் கூடப் போவது?
4. கம்பெனியில் ஒரே ஒரு மாற்றம் கேட்பதென்றால் எதைக் கேட்போம்?

பதில்களைத் தீர்மான நோட்டில் தேதியோடு எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் பிரதிநிதிகள் கொண்டு வரவும்.