மாலை இருட்டாக இருக்கலாம், மறையக் கூடாது

அன்புள்ள அனந்தபுரம் வாசகிக்கு,

புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை, மாலை மாற்றிக்கொண்டால் போதும் என்று இருவரும் முடிவு செய்துவிட்டீர்கள். அந்த மாலை கருஞ்சிவப்பும் ஊதாவுமாக இருண்ட நிறத்தில் வேண்டும் என்கிறீர்கள். ‘கல்யாணத்துக்குக் கறுப்பு ஆகாது’ என்கிறார் பெரியம்மா. அவரோடு சண்டை வேண்டாம். அன்று உங்கள் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கப் போவதும் அவராகத்தான் இருக்கும். அது என்ன நிறம் என்று மட்டும் கேளுங்கள்.

உங்கள் திருமணத்தில் மாலைக்கு அலங்காரத்தைவிடப் பெரிய வேலை இருக்கிறது. 1928இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்தார். இத்தகைய மணங்களைச் சட்டம் ஏற்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவு சேர்ந்தது. அதன்படி உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லலாம், மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஒன்று போதும். (ஒருவர் வேறு மதத்தவர் என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி, 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும்.) மாலை மாற்றுவதே உங்கள் திருமணம் என்பதால், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கும் அது தெரிந்தாக வேண்டும்.

சிக்கல் அங்கேதான். நம் ஊர்ப் பூக்கட்டு கறுத்த கூந்தலை நம்பி வளர்ந்தது. மல்லியும் முல்லையும் கனகாம்பரமும் கூந்தலின் இருட்டில் பளிச்சென்று எடுபடும். கருஞ்சிவப்பு மாலையை அரக்குப் பட்டின் மேல் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். நீங்கள் அனுப்பிய வெளிநாட்டுத் திருமணப் படங்களில் இருண்ட பூக்கள் எடுபடுவதற்குக் காரணம் மணப்பெண்ணின் வெள்ளை கவுன். எனவே சந்தன நிறப் பட்டோ வெளுக்காத பருத்திச் சேலையோ எடுங்கள். மாப்பிள்ளைக்கு வெள்ளை வேட்டி சட்டை போதும். கறுப்புச் சட்டைதான் வேண்டும் என்று அவர் அடம்பிடித்தால் அவர் மாலையை மட்டும் வெளிர் நிறத்தில் கட்டச் சொல்லுங்கள்.

அந்த இருண்ட பூ அலங்காரப் பாணியின் மூலத்தைத் தேடினால் 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களுக்குப் போகலாம். ரேச்சல் ரூய்ஷ் போன்றவர்களின் மலர்ச் சித்திரங்களைப் பாருங்கள்: இருட்டு பெரும்பாலும் பின்னணியில்தான், பூக்களில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் தாராளமாக இருக்கும். அப்படிப்பட்ட பின்னணிக்கு உங்களுக்கு என்ன குறை? உங்கள் ஊரைச் சுற்றிலும் செஞ்சிப் பாறைகள். செஞ்சிக் கோட்டைக்குள்ளேயே கல்யாண மகால் நிற்கிறது. ஆனால் அங்கே படம் எடுக்கப் பெரிய கேமராவும் விளக்குமாகப் போவதென்றால் தொல்லியல் துறையின் அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள்.

இனி பூ. சாயம் தோய்த்த ரோஜா வேண்டவே வேண்டாம். வியர்வை பட்டால் சாயம் சேலையில் ஒட்டிக்கொள்ளும். கோழிக்கொண்டை போதும், அதன் அரக்கு நிறத்தில் வெல்வெட்டின் ஆழம் இருக்கிறது. கோயில் மாலைக்கும் ஆயுத பூஜைக்கும் என்று அதை ஒதுக்கிவைத்திருப்பது அநியாயம். வாடாமல்லியை ஊசியில் கோத்துக்கொள்ளலாம், பேருக்கேற்ப நிற்கும். இடையிடையே கருந்துளசியும் மரிக்கொழுந்தும் வரட்டும், வாசனைக்கும் ஆயிற்று. சங்குப்பூவின் நீலம் அழகுதான், ஆனால் பறித்த சில மணி நேரத்தில் சுருண்டுவிடும். மேசையில் தண்ணீர்த் தட்டில் மிதக்கவிடலாம், மாலைக்கு ஆகாது.

நொச்சியையும் மறக்காதீர்கள். பழந்தமிழ்ப் போர் மரபில் கோட்டையை முற்றுகையிட்டவர் சூடியது உழிஞை, காத்து நின்றவர் சூடியது நொச்சி. 1690 முதல் 1698 வரை முகலாயப் படையின் முற்றுகையைத் தாங்கிய கோட்டைக்கு அருகில் மணமுடிப்பவர்கள் அந்த நீல ஊதாக் கொத்தைச் சூடினால் பொருத்தமாகத்தானே இருக்கும்? பூ மிகச் சிறியது, ஆகவே மாலையில் வேண்டாம். மாப்பிள்ளையின் சட்டைப் பையில் ஒரு கொத்து செருகினால் போதும்.

இன்னொன்று. மங்கலான வெளிச்சத்தில் சிவப்புதான் முதலில் கறுத்துப்போகும். மாலை கட்டுபவரிடம் ஒரு சாண் மாதிரி கட்டி வாங்கி, இருட்டிய பிறகு மண்டபத்து விளக்கின் கீழே சேலையின் மேல் வைத்துப் பாருங்கள். எடுபடவில்லை என்றால் இரண்டு கோழிக்கொண்டைக்கு நடுவே ஒரு வெள்ளைச் சம்பங்கியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பூக்காரி