வீட்டு வலையமைப்பில் பழுது கண்டறிதல்

மாணவர்களே, வலையமைப்புச் சாதனங்களின் பெயர்களையும் தொழில்களையும் முன்னைய பாடத்தில் கற்றீர்கள். அவற்றில் ஒன்று இயங்காதபோது என்ன செய்வது என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

பின்வரும் சந்தர்ப்பத்தைக் கருதுக. வீட்டில் ஒரு மேசைக் கணினி உண்டு. அது வடத்தின் மூலம் வழிப்படுத்தியுடன் (பேச்சு வழக்கில் ரூட்டர்) இணைக்கப்பட்டுள்ளது. அக்காவின் கைத்தொலைபேசி அதே வழிப்படுத்தியுடன் வைபை மூலம் இணைகின்றது. நேரம் இரவு எட்டு மணி. செய்து முடித்த ஒப்படையை இன்றிரவே ஆசிரியருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஆனால் இணைய மேலோடியில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை.

பலரும் உடனே செய்வது வழிப்படுத்தியின் மின்னை நிறுத்தி மீண்டும் போடுவதாகும். சில வேளைகளில் அதனால் சரிவரும். சரிவராவிட்டாலோ, நிறுத்துவதற்கு முன் விளக்குகள் காட்டிக்கொண்டிருந்த தடயம் போய்விடும். எனவே முதலில் பாருங்கள், பின்னர் தொடுங்கள்.

தரவு செல்லும் பாதையை நினைவுபடுத்துக. கணினியிலிருந்து வழிப்படுத்திக்கு, அங்கிருந்து இணையச் சேவை வழங்குநருக்கு, அங்கிருந்து தொலைவிலுள்ள சேவையகத்திற்கு. பழுது கண்டறிதல் என்பது இப்பாதை எந்த இடத்தில் அறுந்துள்ளது எனக் காண்பதாகும்.

முதல் வினா: பழுது எனக்கு மட்டுமா, வீட்டில் எல்லோருக்குமா? அக்காவின் தொலைபேசியில் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். இங்கே பலர் ஏமாறுவதுண்டு. வைபையில் இணையம் இல்லாதபோது தொலைபேசி சத்தமின்றி சிம் அட்டையின் தரவுக்கு மாறிவிடக்கூடும். ஆகவே அதன் கைத்தொலைபேசித் தரவை நிறுத்திவிட்டே சோதிக்க வேண்டும். பக்கம் திறந்தால் வழிப்படுத்தியும் அதற்கு அப்பாலுள்ள பாதையும் நலம். பழுது கணினியிலோ, வடத்திலோ, வடம் செருகிய துறையிலோ உள்ளது. திறக்காவிட்டால் வழிப்படுத்தியையோ அதற்கு அப்பாலுள்ள பாதையையோ சந்தேகிக்கலாம். ஒரே சோதனையில் பாதையின் பெரும்பகுதி கழிந்துவிட்டது!

அடுத்து விளக்குகள். கணினி வடம் செருகிய துறைக்குரிய விளக்கு எரியாவிட்டால் வடத்தின் இரு முனைகளையும் பாருங்கள். முனையிலுள்ள சிறிய பிளாஸ்டிக் கொளுவி உடைந்த வடம், செருகியது போலத் தோன்றினாலும் தளர்ந்திருக்கும். பின்னர் வேறு துறையில் செருகிப் பார்க்கலாம். வடத்தையும் துறையையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம். மாற்றினால் எது பழுது என்பது தெரியாமலே போகும். ஒளியியல் நார் இணைப்புள்ள வீட்டில் லொஸ் எனக் குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரிந்தால், ஒளிச் சமிக்ஞை பெட்டிக்கு வந்து சேரவில்லை என்பதே பொருள். நார் கூராக மடிந்துள்ளதா எனப் பார்த்துவிட்டுச் சேவை வழங்குநருக்கு அறிவிக்க வேண்டும். கணினியில் எதை மாற்றியும் பயனில்லை.

விளக்குகள் சரியாக இருந்தும் பக்கம் திறக்கவில்லையா? இப்போது முகவரியைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ஐபிகொன்பிக் எனும் கட்டளையை இடுக. வீட்டுக் கணினிகளின் ஐ.பி. முகவரி பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும். இவை தனியார் வலையமைப்புகளுக்கென 1996 இல் வெளியான நியமத்தில் ஒதுக்கப்பட்ட முகவரிகளுட் சில. வழிப்படுத்தி டீ.எச்.சீ.பி. எனும் நெறிமுறை மூலம் இம்முகவரியைத் தானாக வழங்குகின்றது. முகவரி 169.254 எனத் தொடங்கினால், கணினி முகவரி கேட்டும் பதில் கிடைக்காமல் தனக்குத் தானே ஒன்றை இட்டுக்கொண்டது என அறிக. ஆகவே பழுது கணினிக்கும் வழிப்படுத்திக்கும் இடையிலானது. இந்த எண்ணை மறவாதீர்கள்.

முகவரி சரியெனின் பிங் கட்டளையைப் பயன்படுத்தலாம். மைக் மூஸ் என்பவர் 1983 டிசெம்பரில் எழுதிய செய்நிரல் இது. நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியனுப்பி எதிரொலி கேட்பதைப் போல, ஒரு சிறு பொதியை அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கும். விண்டோஸில் நான்கு பொதிகள் அனுப்பப்படும். அருகிலிருந்து தொலைவுக்குச் செல்க. முதலில் 127.0.0.1, இது கணினி தன்னையே அழைப்பது. அடுத்து வழிப்படுத்தியின் முகவரி; பல வீடுகளில் அது 192.168.1.1 ஆகும். அதன்பின் 8.8.8.8, இது கூகிள் நிறுவனம் 2009 இல் தொடங்கிய பொது ஆள்களப் பெயர்ச் சேவையின் முகவரி. இறுதியாக ஓர் இணையத்தளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு வராவிட்டால் இணைப்பு அறவில்லை. பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஆள்களப் பெயர் முறைமையே இயங்கவில்லை.

கவனிக்க: பதில் வராத இடமெல்லாம் பழுதானது என முடிவு செய்தல் தவறு. விண்டோஸின் தீச்சுவர் வெளியிலிருந்து வரும் பிங் பொதிகளைப் பொதுவாகத் தடுத்துவிடும். நன்றாக இயங்கும் கணினியும் மௌனமாக இருக்கலாம்.

பழைய கணினிகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. பிங் எல்லாவற்றுக்கும் பதில் வரும். ஆனால் பாதுகாப்பான இணையத்தளங்கள் மட்டும் எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். திரையின் மூலையில் திகதியைப் பாருங்கள். தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்து திகதி பல வருடங்கள் பின்னோக்கிப் போயிருந்தால், தளத்தின் சான்றிதழைக் கணினி ஏற்காது. திகதியைத் திருத்தினால் போதும்.

வழிப்படுத்தியின் பின்புறத்தில் ஊசியால் அழுத்தும் சிறு துளையைத் தொட வேண்டாம். அது மீளத் தொடக்குவதற்குரியதன்று. எல்லா அமைப்புகளையும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுசெல்வது. சேவை வழங்குநர் தந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதில் பதியப்பட்டிருந்தால் அவையும் அழியும். சிறு பழுதுடன் இருந்த வீடு முழுமையாக இணையமற்றதாகிவிடும்.

மாதிரி வினா: கணினியின் முகவரி 169.254.20.7. அக்காவின் தொலைபேசி வைபையில் நன்கு இயங்குகின்றது. பழுது எப்பகுதியில் உள்ளது? முதலில் செய்ய வேண்டியது யாது?

விடை: கணினிக்கும் வழிப்படுத்திக்கும் இடையில். தொலைபேசி இயங்குவதால் வழிப்படுத்திக்கு அப்பாலுள்ள பாதை நலம். கணினிக்கோ வழிப்படுத்தியிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை. முதலில் துறையின் விளக்கைப் பார்த்து, வடத்தைச் சரியாகச் செருக வேண்டும். காரணத்தையும் எழுதினாலே விடை முழுமையாகும்.

பயிற்சி: 192.168.1.1 இற்கும் 8.8.8.8 இற்கும் பிங் பதில் வருகின்றது. இணையத்தளத்தின் பெயரைக் கொடுத்தால் மட்டும் வரவில்லை. வடத்தை மாற்ற வேண்டும் என்கிறார் நண்பர். அவர் கூற்று ஏன் பொருந்தாது என இரு வாக்கியங்களில் விளக்குக.