பேராற்றல் பெற்ற சிறுவர்

திருச்சிராப்பள்ளிக்கும் திரைப்படத்திற்கும் உள்ள தொடர்பு மிகப் பழமையானது. இந்நகரில் இரயில்வே ஊழியராய் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர், 1905ஆம் ஆண்டில் தூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். பின்னர் வேலையைத் துறந்து, கூடாரத்துடன் ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். மாணவர்களே! நாமும் மனத்திரையில் ஒரு படம் எடுத்துப் பார்ப்போமா? பேராற்றல் வாய்ந்த சிறுவர் குழுவைப் பற்றியதாக அது அமையட்டும். கதை நிகழுமிடம் பாலக்கரை.

இவ்வாறு சொன்னவுடனே, 'ஒருவன் பறப்பான், ஒருவன் மலையைப் பெயர்ப்பான்' என்று ஆற்றல்களை அடுக்கத் தோன்றும். கதை கெடுவது அங்கேதான். எல்லாம் வல்லவனுக்கு இடர் ஏது? இடர் இல்லையேல் கதை ஏது? அமெரிக்கச் சித்திரக்கதையில் 1938இல் தோன்றிய சூப்பர்மேனுக்கும், அவன் வலிமையைப் போக்கும் கல் ஒன்றை 1943இல் வானொலித் தொடரில் படைக்க வேண்டியதாயிற்று. 1963இல் வெளிவந்த எக்ஸ்-மென் கதை இன்னும் நயமானது. அதில் ஒரே பள்ளியில் பயிலும் ஐந்து இளைஞர் வருகின்றனர். அவர்களுள் ஸ்காட் என்பவனின் கண்களிலிருந்து எதிர்ப்பட்டதைத் தகர்க்கும் கதிர் பாய்கிறது. அதனை அடக்க அவனால் இயலாது. தனிக் கண்ணாடி அணிந்தாலன்றி நண்பன் முகத்தையும் அவன் நோக்க முடியாது.

நம் படத்தில் நால்வர் போதும். செல்விக்கு நெடுந்தொலைவில் எழும் ஓசையும் கேட்கும். அதனாலேயே இரவில் உறக்கம் வாராது. முத்து எத்துணைப் பாரத்தையும் தூக்குவான். தூக்கியபின் சிறிது நேரம் அவனுக்குக் கண் தெரியாது. காதர் காற்றினும் கடுகி ஓடுவான். நினைத்த இடத்தில் நிற்கமாட்டான். ஸ்டெல்லாவுக்கு வியத்தகு ஆற்றல் ஏதுமில்லை. பாலக்கரையின் ஒவ்வொரு சந்தும் முடுக்கும் அவளுக்கு மனப்பாடம்.

இவர்களாக நடிப்போருக்கு மின்னும் உடையும் முகமூடியும் வேண்டுமா? எனக்கு அவற்றில் நாட்டமில்லை. இளமையில் சங்கிலியாண்டபுரத்தில் வாழ்ந்த கணேசன் என்னும் சிறுவர், நாடகக் கம்பெனியில் சேர்ந்து பெண் வேடமும் தாங்கிப் பயின்றவர். 1952இல் 'பராசக்தி' படத்தின் வாயிலாகத் திரைக்கு வந்த சிவாஜி கணேசன் அவரே. குரலாலும் நடையாலும் ஆளை மாற்றிக் காட்டுதல் அக்கம்பெனிச் சிறுவர்க்கு அன்றாடப் பாடம்.

இனி, இடர். அதனைத் தேடி வேற்றுலகம் செல்ல வேண்டுவதில்லை. 1977 நவம்பரில் புயலும் பெருமழையும் தாக்கியபோது திருச்சியின் பல பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தது. அந்த இரவே நம் கதையின் இரவு. பாலக்கரை வழியே ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரை மீறிப் பெருகுகிறது, விளக்குகள் அணைந்துவிட்டன. செல்வியின் செவியில் இரண்டு குரல்கள் விழுகின்றன. அக்கரையில் ஒரு முதியவரின் குரல்; இக்கரையில் இடிந்த சுவரின் அடியில் ஒரு குழந்தையின் அழுகை. முத்து சுவரைத் தூக்கினால், பின்னர் அவனைக் கைப்பற்றி அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும். காதர் அக்கரைக்குப் பாய்ந்தால், அவனை நிறுத்த ஒருவர் வேண்டும். வழி அறிந்தவளோ ஒருத்திதான். மூவரும் ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்கின்றனர். நீர் முழங்காலுக்கு ஏறிவிட்டது.